கணுக்காலில் ஒரு திருகாணி

இல்லாத ஒரு தொலைக்காட்சித் தொடரை எழுதித் தர வேண்டும் என்று கேட்டு வந்தார் அந்த இயக்குநர். படத்தில் அது வரப்போவது மொத்தமே நான்கு நிமிடம். எண்பதுகளின் வடசென்னை, ஓர் ஒண்டுக்குடித்தனம். வீட்டுக்காரர் கூடத்தில் கறுப்பு வெள்ளை டிவி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் பத்து வயது மகளும் வாசற்படியை ஒட்டி உட்கார்ந்து ஓர் ஆங்கில விண்வெளித் தொடர் பார்க்கிறார்கள். அப்பா பாத்திரக் கடையில் வேலை செய்கிறவர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மகளுக்குத் தெரிந்தது பள்ளிக்கூடப் பாட்டு அளவு. திரையில் நடப்பதைப் பார்த்துப் பார்த்து அப்பா தானாக ஒரு கதை சொல்லிக்கொண்டே வருவார். மகள் அதைத்தான் தொடரின் கதை என்று நம்பி வளர்வாள். அப்பா போய்ச் சேர்ந்து பல வருடம் கழித்து உண்மையான கதை அவளுக்குத் தெரியவரும்.

அந்தக் காலத்துக் காட்சி அது. தூர்தர்ஷனில் ஞாயிறு காலையில் ஸ்டார் ட்ரெக் பார்த்த தலைமுறையில் நானும் ஒருவன். பாதி புரியாது. புரியாத பாதியை நாங்களே போட்டு நிரப்பிக்கொள்வோம். அதனால் கேட்ட உடனே சம்மதித்துவிட்டேன். இரண்டு கதை எழுத வேண்டும் என்பது வீட்டுக்கு வந்து யோசித்த பிறகுதான் உறைத்தது. தொடரின் கதை ஒன்று, அப்பா சொல்லும் கதை ஒன்று.

தொடர் கிரேக்கப் புராணத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்பதில் இயக்குநர் உறுதியாக இருந்தார். முதல் டிஸ்கஷனில் அவரே ஒரு தாளை நீட்டினார். கப்பலின் பெயர் ஆர்கோ, கேப்டன் ஜேசன், கப்பலின் கணினி ஜீயஸ். “சார், இப்படி ஆரம்பிக்கலாமா?” என்றார். ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

அந்த ஒரு வாரம், இதே வேலையை எனக்கு முன்னால் செய்தவர்களைப் பார்த்தேன். 1967-இல் ஸ்டார் ட்ரெக்கில் அப்பல்லோ கடவுளே நேரில் வருகிறார். பழைய காலத்தில் பூமிக்கு வந்துபோன வேற்றுக்கிரகவாசி அவர். மனிதர்கள் மறுபடி தன்னைக் கும்பிட வேண்டும் என்று கேட்கிறார், மறுக்கிறார்கள். 1978-இல் வந்த பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவில் அப்பல்லோ என்பது ஒரு விமானியின் பெயர், அதீனா என்பது ஒரு பெண் அதிகாரியின் பெயர். 2004-இல் அந்தத் தொடரைப் புதிதாக எடுத்தபோது அப்பல்லோவை விமானியின் அழைப்புப் பெயராக மட்டும் வைத்துக்கொண்டு, மனிதனுக்குச் சாதாரணமாக லீ அடாமா என்று பெயர் வைத்தார்கள். பிரிட்டனின் டாக்டர் ஹூ 1978-இல் ‘அண்டர்வேர்ல்ட்’ என்று நான்கு பாகக் கதை ஒன்று போட்டது. அதில் ஜேசன் ஜாக்சன் ஆனான், ஆர்ஃபியூஸ் ஆர்ஃபி ஆனான், பெர்செஃபோனி P7E என்ற கப்பல் ஆனாள். கண்டுபிடித்துவிட்டால் ஒரு சந்தோஷம் வரும். ஆனால் அந்தச் சந்தோஷம் தீர்ந்ததும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

என் மனதில் நின்றது 1981-இல் பிரான்சும் ஜப்பானும் சேர்ந்து எடுத்த கார்ட்டூன் தொடர், ‘யுலிஸீஸ் 31’. 26 எபிசோட். ஒடிஸியைத் தூக்கி 31-ஆம் நூற்றாண்டில் வைத்துவிட்டார்கள். தன் மகனைக் காப்பாற்ற ஒற்றைக்கண் ராட்சத இயந்திரத்தை யுலிஸீஸ் அழித்துவிடுகிறான். தேவர்களுக்குக் கோபம். கூட வந்த மாலுமிகள் எல்லோரும் உயிர் இருந்தும் அசைவற்று அந்தரத்தில் மிதக்கிறார்கள். ஹேடீஸின் ராஜ்யத்தைக் கண்டுபிடிக்கும்வரை அவனுக்கு வீடு திரும்ப வழி கிடையாது. இங்கே எனக்குப் பிடி கிடைத்தது. பெயரையெல்லாம் மாற்றிப்போட்டாலும் இந்தக் கதை நிற்கும். ஏனென்றால் அவர்கள் புராணத்திலிருந்து எடுத்தது அதன் நிபந்தனையை. மகனைக் காப்பாற்றியதே குற்றம், அந்தக் குற்றத்துக்கு விலை வீடு. கிரேக்கக் கதைகளின் எலும்பு இதுதான் என்று நான் நினைக்கிறேன். அங்கே வரம் சும்மா வராது, ஒரு கொக்கியோடுதான் வரும். திரும்பிப் பார்க்காமல் நடந்தால் மனைவி கிடைப்பாள். சாகாவரம் உண்டு, இளமை கிடையாது. நம் ஊர் வரங்களிலும் இந்தக் கொக்கி உண்டு, இரணியனைக் கேட்டால் தெரியும். அதனால்தான் நம் காதுக்கு இந்தக் கதைகள் அந்நியமாகப் படுவதில்லை.

அடுத்த டிஸ்கஷனில், கிரேக்கப் பெயர் ஒன்றுகூடத் திரையில் வரக்கூடாது என்று சொன்னேன். இயக்குநர் முகம் வாடியது. பிறகு தாலோஸின் கதையைச் சொன்னேன்.

தாலோஸ் ஒரு வெண்கல மனிதன். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அப்பொலோனியஸ் எழுதிய ஆர்கோனாட்டிகாவின் கடைசிப் பாகத்தில் வருகிறான். கிரீட் தீவைக் காப்பதற்காக ஜீயஸ் யுரோப்பாவுக்குக் கொடுத்த காவலன். ஒரு நாளைக்கு மூன்று முறை தீவைச் சுற்றி வருவான். எந்தக் கப்பல் கரைக்கு வந்தாலும் பாறையைப் பெயர்த்து எறிவான். அவன் உடம்பில் ஒரே ஒரு ரத்தக்குழாய், அது கணுக்காலில் வந்து முடிகிறது. கப்பலில் இருக்கும் மெடியா தன் மாயத்தால் அவன் கண்ணைக் கட்டுகிறாள். கால் பாறையில் உரசி அந்த இடம் கிழிய, உள்ளே இருந்த திரவம் உருக்கிய ஈயம்போல வழிந்து ஓடுகிறது என்று எழுதுகிறார் அப்பொலோனியஸ். அப்பொலோடோரஸின் பெயரில் இருக்கும் புராணத் தொகுப்பு வேறொரு மாதிரியும் சொல்கிறது. குழாயின் முனையை ஒரு வெண்கல ஆணி அடைத்திருக்கிறது. உன்னைச் சாகாதவன் ஆக்குகிறேன் என்று மெடியா ஆசை காட்டுகிறாள், அவன் நம்பிவிடுகிறான், அவள் ஆணியைப் பிடுங்கிவிடுகிறாள்.

இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டேன். சாகாவரத்துக்கு ஆசைப்பட்ட ஓர் இயந்திரம்! தன்னைச் செய்து வைத்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள், தனக்கும் ஒரு முடிவு உண்டு என்று அதற்கு ஏதோ ஒரு நாள் தெரிந்திருக்கிறது. 1963-இல் வந்த ‘ஜேசன் அண்ட் தி ஆர்கோனாட்ஸ்’ படத்தில் ரே ஹாரிஹவுசன் பொம்மையைத் துளித்துளியாக நகர்த்திப் படம்பிடித்து தாலோஸை எழுந்து நடக்க வைத்தார். அதில் குதிகாலைத் திறந்துவிட்டதும் அந்த வெண்கல உருவம் மூச்சுத் திணறுகிறவன்போலத் தன் தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். வில்லன் சாகிறான் என்று யாராலும் கைதட்ட முடியாது. அதைவிட ஒரு படி மேலே இத்தாலியில் ரூவோ அருங்காட்சியகத்தில் ஒரு ஜாடி இருக்கிறது, சுமார் கி.மு. 400-ஐச் சேர்ந்தது. அதன் படத்தை அச்செடுத்து என் மேஜைக்கு எதிரே ஒட்டி வைத்திருந்தேன். சுற்றிலும் கறுப்பும் செம்மண் நிறமுமாக மனிதர்கள், நடுவில் தாலோஸ் மட்டும் வெளிறிய உடம்போடு சாய்ந்து விழுகிறான். விழுகிறவனை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்திருப்பவர்கள் ஆர்கோவில் வந்த இரட்டையர்கள், காஸ்டரும் போலக்ஸும். பிடித்து மடக்குகிறார்கள் என்றும் சொல்லலாம். எனக்கு அது கைத்தாங்கலாகத்தான் தெரிந்தது. கொல்ல வந்தவர்களே விழும்போது தாங்குகிறார்கள்.

அந்தக் கைகளிலிருந்து பிறந்தது ‘தி பிரான்ஸ் வாட்ச்’. எழுபதுகளில் எடுத்ததாக நாங்கள் கற்பித்துக்கொண்ட பிரிட்டிஷ் தொடர். ஒரு குடியேற்றக் கிரகம். அதை நாளுக்கு மூன்று முறை சுற்றிவரும் காவல் இயந்திரம். வருகிறவர்களைத் தடுப்பதற்காக முன்னோர்கள் செய்து வைத்தது. அந்தக் கிரகத்தில் பிறந்து, வெளியே போன ஏழு பேர் பல வருடம் கழித்துத் திரும்பி வருகிறார்கள். காவலனுக்கு அவர்களும் அந்நியர்களே. கீழே அவர்கள் வீட்டு விளக்கு தெரிகிறது, இறங்க முடியவில்லை. அவனை வீழ்த்தினால் வீட்டுக்குப் போகலாம், ஆனால் வீட்டுக்குக் காவல் இல்லாமல் போய்விடும். இதுதான் நிபந்தனை.

நான்கு நிமிடத்துக்கு இது போதும். நான் பதின்மூன்று எபிசோடுக்கும் ஒன்லைன் எழுதினேன். எங்கள் தொழிலில் ஷோ பைபிள் என்று சொல்வோம், அது அறுபது பக்கம் வந்தது. எதற்கு இவ்வளவு என்று தயாரிப்புத் தரப்பில் கேட்டார்கள். பதிலைப் படப்பிடிப்பில்தான் காட்ட முடிந்தது. நான்காவது எபிசோடை டித்தோனஸ் கதையை வைத்து எழுதியிருந்தேன். விடியலின் தேவதை ஈயோஸ் தன் காதலனுக்குச் சாகாவரம் கேட்டாள், இளமையைக் கேட்க மறந்துவிட்டாள். அவன் கிழடாகி, ஒடுங்கி, ஓர் அறையில் அடைந்து, கடைசியில் ஓயாத குரல் மட்டும் மிஞ்சுகிறது. என் தொடரில் அது ரேடியோவில் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு கிழவரின் குரல். கப்பலில் எல்லோரும் அவரோடு பேசிப் பேசி அலுத்துவிட்டார்கள். அந்த எபிசோட் படத்தில் இல்லை. ஆனால் ஒன்பதாவது எபிசோடின் காட்சியை எடுத்தபோது, கேப்டனாக நடித்த பெண்ணிடம் இந்தக் கதையைச் சொன்னேன். ஷாட்டில் அவர் வேறு யாரோடோ பேசிக்கொண்டே, பார்க்காமல், இடது கையால் ஒரு குமிழைத் திருகி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். வருடக்கணக்காகச் செய்து பழகிய கை அது. அந்த ஒரு அசைவில் தொடருக்கு முன்கதை வந்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு என்ன என்று தெரியாது, ஆனால் இதற்கு முன்னால் எட்டு எபிசோட் ஓடியிருக்கிறது என்று நம்பிவிடுவார்கள்.

உருவத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் தொடர்களில் ஸ்டுடியோவுக்குள் நடப்பதை வீடியோவில் எடுப்பார்கள், வெளியே போனால் பெரும்பாலும் 16 மி.மீ. ஃபிலிம். கதவைத் திறந்து வெளியே வந்தால் ஒளியின் தன்மையே மாறிவிடும். இதை எங்கள் கேமராமேன் விடாப்பிடியாகக் கடைப்பிடித்தார். பணமில்லாமல் செய்யும் உபாயங்களையும் படித்தேன். ஸ்டார் ட்ரெக்கில் மனிதர்களை ஒளியாக்கி இறக்கும் கருவி வந்ததே, வாரா வாரம் கப்பலைத் தரையிறக்கிக் காட்டப் பணம் இல்லாததால்தான். அதே தொடரில் டாக்டர் மெக்காய் கையில் வைத்திருந்த மருத்துவக் கருவிகளில் சில, கடையில் வாங்கிய உப்புக் குடுவைகள்.

எங்கள் ஆர்ட் டைரக்டருக்கு இந்த உப்புக் குடுவை செய்தி மிகவும் பிடித்துப் போயிற்று. காவலனின் முழு உருவம் மினியேச்சர், தெர்மோகோலும் ஃபைபரும். கணுக்கால் மட்டும் குளோசப்பில் வர வேண்டும், கை அதைத் தொட வேண்டும், உலோகமாகவே இருக்க வேண்டும். அவர் தன் பாட்டி வீட்டுக் குத்துவிளக்கின் தண்டு இரண்டைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தார். குத்துவிளக்கைக் கழற்றியவர்களுக்குத் தெரியும், அடித்தட்டு, தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி எல்லாம் மரை போட்டு ஒன்றில் ஒன்று திருகியிருக்கும். வளையம் வளையமாகக் கடைந்த அந்தத் தண்டைச் சாய்த்து வைத்து ஒரு பக்கம் வெளிச்சம் கொடுத்தால் கணுக்கால் எலும்பும் நரம்பும் தெரிந்தன.

டெஸ்ட் ஷூட்டில், திருகாணியைக் கழற்றும் கையாக ஓர் அசிஸ்டன்ட் டைரக்டர் உட்கார்ந்தார். பல வருடம் திறக்காத மரை. துணி சுற்றிப் பிடித்துத் திருகியும் அசையவில்லை. கொஞ்சம் வெந்நீர் ஊற்றினோம். மெல்ல ஒரு முனகல் சத்தத்தோடு சுழன்றது. இரண்டு சுற்று, மூன்று சுற்று. மரையின் இடுக்கிலிருந்து கறுப்பாக, கெட்டியாக ஏதோ கசிந்து வளையத்தின் மேல் இறங்கியது. எத்தனை வருடத்து வெள்ளிக்கிழமை எண்ணெயோ, உள்ளே இறங்கிப் பிசுக்காகித் தங்கியிருக்கிறது. வெந்நீர் பட்டு இளகியிருக்கிறது. மானிட்டரில் கறுப்பு வெள்ளையில் அது மினுங்கிக்கொண்டு வழிந்தது. அறையில் யாரும் பேசவில்லை. உருக்கிய ஈயம் என்று இரண்டாயிரத்து இருநூறு வருடத்துக்கு முன் எழுதியதை நான் கண்ணால் பார்த்தேன். படத்தில் இருப்பது அந்த டெஸ்ட் ஷாட்தான். அதற்குப் பிறகு எடுத்த ஆறு டேக்கில் ஒன்றுகூட அதன் அருகில் வரவில்லை.

விளக்கு பித்தளை. கறுப்பு வெள்ளையில் அது தெரியாது. ஆனால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். காவலனின் காலடிச் சத்தத்துக்கு வெண்கல உருளியைத் தொங்கவிட்டு, துணி சுற்றிய மரக்கட்டையால் அடித்துப் பதிவு செய்தோம். பித்தளை செம்பும் துத்தநாகமும், வெண்கலம் செம்பும் வெள்ளீயமும். தட்டினால் வெண்கலம் நின்று பேசும். அப்பா பாத்திரக்கடைக்காரர் அல்லவா? டிவியில் முதல் காலடி விழுந்ததும், படத்தைப் பார்க்காமலே அவர் மகளிடம் சொல்வார், “இது வெண்கலம் பாப்பா. பித்தளைக்கு இந்த நாதம் வராது.” ஆங்கிலமே தெரியாத அந்த மனிதருக்குத் தொடரில் எல்லோரையும்விட முதலில் புரிந்த விஷயம் அது.

அப்பாவின் கதைதான் எனக்குக் கடினமாக இருந்தது. சீவக சிந்தாமணியின் மயிற்பொறியை உள்ளே கொண்டுவர எனக்கு ஆசை. அந்த மனிதர் சிந்தாமணி படித்திருக்க மாட்டார், அதனால் விட்டுவிட்டேன். அவருக்குத் தெரிந்ததை வைத்துத்தான் அவர் பார்ப்பார். ஊரைச் சுற்றிச் சுற்றி வருகிற ஒரு பெரிய உருவத்தை அவர் என்னவென்று சொல்வார்? இதை யோசித்த அன்று இரவே விடை வந்துவிட்டது. எல்லைச்சாமி. அய்யனார் ராத்திரியில் குதிரையேறி ஊரைச் சுற்றி வருவார் என்று கேட்டு வளர்ந்தவருக்கு வேறு என்ன தோன்றும்? தொடரில் காவலன் தடை. அப்பாவின் கதையில் அவர் சாமி. அதே காட்சி, அதே முகங்கள், ஆனால் கப்பலில் இருக்கும் ஏழு பேரும் இப்போது சாமி குத்தம் செய்துவிட்டு ஊருக்குள் வர முடியாமல் நிற்கிறவர்கள். தவறாகச் சொல்கிறார் என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. பண்டோரா திறந்தது கிரேக்கத்தில் ஒரு பெரிய மண்ஜாடி. 16-ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் லத்தீனில் எழுதும்போது அது பெட்டியாயிற்று, உலகம் முழுக்க இன்றும் பெட்டிதான். புராணம் கைமாறுவது இப்படித்தான்.

வசனத்தில் ஒரு சிக்கல். மூலக் கதையில் இருப்பது ஆணி. ‘காலில் ஆணி’ என்று அப்பா சொன்னால் நம் ஆட்கள் கால் ஆணியை நினைப்பார்கள், செருப்புக் கடித்து வருவதை. அதனால் திருகாணி ஆக்கினேன். பாத்திரக்காரர் வாயில் அது இயல்பாகவும் உட்கார்ந்தது.

கடைசி எபிசோடின்போது மின்வெட்டு. கேப்டனின் கை திருகாணியைப் பிடுங்குகிறது, ஈயம் வழிகிறது, காவலன் சாய்கிறான், தாங்க இரண்டு பேர் ஓடி வருகிறார்கள், டிவி அணைந்துவிடுகிறது. இருட்டில் மகள் கேட்பாள், “அப்புறம் என்னப்பா ஆச்சு?” அப்பா என்ன சொல்ல வேண்டும்? கிரேக்கத்தில் எந்த வடிவத்திலும் தாலோஸ் பிழைப்பதில்லை. பதினொரு முறை எழுதினேன். ஒன்றில் சாமி மலையாகிவிட்டார், ஒன்றில் மழையாகிவிட்டார். எல்லாம் எழுத்தாளன் எழுதியதாகவே இருந்தது. படப்பிடிப்பு நாள் காலையில் சீன் பேப்பரில் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது.

அப்பாவாக நடித்தவர் நாடகத்திலிருந்து வந்த பெரியவர், எழுபதை நெருங்குகிறவர். மேக்கப் போட்டுக்கொண்டு என் அருகில் வந்து உட்கார்ந்தார். “தம்பி, ஒண்ணு கேக்கலாமா?” என்றார். “கேளுங்கய்யா” என்றேன். “இவன் பாத்திரக்கடையில வேலை பாக்குறவன். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஜனங்க இவன்கிட்ட என்ன கொண்டாந்து குடுக்கிறாங்க?”

“பாத்திரம்.”

“ஒழுகுற பாத்திரம்” என்றார். “ஒழுகுனா இவன் என்ன செய்வான்?”

நான் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

நான்கு நிமிடம் எடிட்டிங்கில் ஒரு நிமிடம் நாற்பது வினாடி ஆயிற்று. படம் நீளமாக இருக்கிறது என்றார்கள். டித்தோனஸின் குமிழ் போயிற்று, அதற்காக நான் சண்டை போட்டும் பயனில்லை, இன்றும் அந்த வருத்தம் இருக்கிறது. விளக்குத் தண்டு இருக்கிறது, உருளியின் நாதம் இருக்கிறது. இருட்டு ஷாட் ஒரு வெட்டும் இல்லாமல் முழுசாக இருக்கிறது.

மெழுகுவர்த்தி வெளிச்சம். மகள் கேட்கிறாள். பெரியவர் கொஞ்ச நேரம் அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வலது காலை மடித்து, கணுக்காலை மகள் பக்கம் காட்டினார். “திருகாணியத் திருப்பிப் போட்டாங்க. ஆனா மரை போயிடுச்சுல்ல, நிக்கல. அப்புறம் அந்தம்மா என்னைக் கூப்பிட்டு விட்டுச்சு.”

“உன்னையா?”

“பின்ன? ஈயப் பத்து வெக்க வேற யாரு இருக்கா?” விரல் நுனியில் இல்லாத நவச்சாரத்தை எடுத்துத் தூவினார். இல்லாத ஈயக்கம்பியை வைத்து அழுத்தி, இல்லாத பஞ்சால் ஒரு துடை துடைத்தார். நவச்சாரப் புகை மூக்கில் ஏறும். அவர் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக் கண்ணை இடுக்கிக்கொண்டார். யாரும் சொல்லித்தரவில்லை, அந்தக் குழந்தையும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.